கால் லிட்டர் கணக்கு

தலைப்பைப் பார்த்துப் பால் கணக்கு என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். இது பீர் கணக்கு. பிடிக்காதவர்கள் போன வாரம் போட்ட பெருங்களத்தூர் ஏரிப் பதிவுக்குப் போய்விடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

பாண்டிச்சேரிக்காரன் என்றாலே தாம்பரத்தில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். நான் இங்கே குடிவந்த நாளிலிருந்து, ஊருக்குப் போகிறேன் என்று சொன்னால் போதும், பக்கத்து வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், வரும்போது ஒண்ணே ஒண்ணு..." என்பார். எனக்கோ பெரிய பழக்கம் எதுவும் கிடையாது. வருஷத்தில் நாலைந்து தடவை, அதுவும் கல்யாணம் கார்த்திகை என்று உறவுக்காரர்கள் கூடும்போது. அப்படிப்பட்டவன் 2019 மார்ச்சில் பீர் குடிப்பதற்காகவே பெங்களூருக்கு ரயில் ஏறினேன். காரணம் என் பள்ளித் தோழன்.

நாங்கள் இரண்டு பேரும் பிரெஞ்சு வழியில் படித்தவர்கள். ஒரே பெஞ்சு. அவனுடைய அப்பா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். அவன் பதினெட்டு வயதில் பிரான்சுக்குப் போய்விட்டான். இப்போது இருப்பது ஸ்ட்ராஸ்பூர் நகரத்தை ஒட்டிய ஷில்டிகைம். பிரான்ஸ் என்றால் நமக்கு ஒயின்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஜெர்மனி எல்லையில் இருக்கும் அந்த அல்சாஸ் பகுதி பீர் நாடு. க்ரோனன்பூர் கம்பெனி 1664-ல் ஸ்ட்ராஸ்பூரில் பிறந்ததுதான். ஷில்டிகைமுக்கே பீர் ஊர் என்று பெயர். அங்கே இருந்த ஃபிஷர் ஆலையை 2009-ல் மூடினார்கள். அதைச் சொல்லும்போது ஏதோ சொந்தக்காரர் செத்தது போலச் சொல்வான்.

அவனுக்கு இதய அறுவை சிகிச்சை முடிந்திருந்தது. ஒரு நாளைக்கு ஒரு 'தெமி', அதற்கு மேல் கூடாது என்று டாக்டர் உத்தரவு. தெமி என்றால் பிரான்சில் கால் லிட்டர் கிளாஸ். எனக்குச் சர்க்கரை. என் வீட்டு நிதித்துறையும் அதே கால் லிட்டருக்குத்தான் ஒப்புதல் கொடுத்தது. பயணம் இரண்டு நாள். ஆக ஆளுக்கு அரை லிட்டர், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு லிட்டர். "இந்த ஒரு லிட்டர நல்ல எடத்துல குடிக்கணும்டா, எடத்த நீ பாத்து வை" என்று போனில் சொன்னான்.

எங்கேயாவது ஒரு பாட்டிலை உடைத்துக் குடிக்க வேண்டியதுதானே, பெங்களூர் எதற்கு என்று கேட்பீர்கள். பாட்டில் பீர் ஆறு மாதம் கெடாமல் இருப்பதற்காக அதை அறுபது டிகிரி அளவுக்குச் சூடாக்கி அடைக்கிறார்கள். மைக்ரோ ப்ரூவரி என்கிற கடைகளில் அப்படிச் செய்வதில்லை. அங்கேயே தயாரித்து, அங்கேயே குழாயில் பிடித்துக் கொடுக்கிறார்கள். கள்ளுக்கும் அதே கதைதானே. விடியற்காலையில் இறக்கியதைச் சாயங்காலத்துக்குள் குடிக்க வேண்டும், பாட்டிலில் அடைத்து மளிகைக் கடையில் வைக்க முடியாது. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளும் கிடையாது. நம் பக்கத்தில் டாஸ்மாக் பாட்டில்தான். இப்போது பாண்டியிலேயே கட்டமரான் என்று ஒரு ப்ரூவரி இருக்கிறது. அன்றைக்குப் பெங்களூர்தான் வழி.

என் தங்கை மகன் பெங்களூரில் தொம்லூரில் இருக்கிறான், சாஃப்ட்வேர். அவனிடம் கேட்டதும், "மாமா, நீங்களா?" என்று சிரித்துவிட்டுப் பதினான்கு கடைகளின் பட்டியலை அனுப்பினான். முப்பது வருஷத்துக்கு மேல் குமாஸ்தா வேலை பார்த்தவனிடம் பட்டியல் வந்தால் என்ன செய்வேன்? ஒரு கோப்பு போட்டேன். இடது பக்கம் கடையின் பெயர், அடுத்து தூரம், என்ன பீர், குறிப்பு.

தூரத்திலேயே பாதிக் கடைகள் போய்விட்டன. பையன் முதலாவதாக எழுதியிருந்தது வைட்ஃபீல்டில் இருக்கும் விண்ட்மில்ஸ். சுவர் முழுக்கப் புத்தகங்கள், ஜாஸ் இசைக்கென்று தனி அரங்கம். எனக்கு ரொம்ப ஆசை. ஆனால் அப்போது மெட்ரோ பையப்பனஹள்ளியோடு நின்றுவிடும். அதற்கு மேல் பெங்களூர் நெரிசலில் காரில் போய்த் திரும்புவதற்குள், கிடைத்த ஒன்றரை நாளில் அரை நாள் போய்விடும். குறிப்பில் 'நிலுவை' என்று எழுதினேன். சர்ஜாபூர் சாலையில் இருக்கும் பிக் ப்ரூஸ்கி மிகப் பெரிய இடம் என்று சொன்னான். பெரிய இடம் என்பதற்காகவே அடித்தேன். கழிப்பறைக்குப் போய்விட்டு நம் மேசையைக் கண்டுபிடிக்க முடியாத இடம் எங்கள் வயதுக்கு ஒத்துவராது.

அடுத்தது சத்தம். தோழனுக்குக் காதில் கருவி. பாட்டை அலற விட்டால் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டுவான். ஐம்பது வருஷம் கழித்து உட்கார்ந்து பேசப் போகிறோம், தலையாட்டுவதற்கு அல்ல. அதனால் சனி, ஞாயிறு கிடையாது, சாயங்காலமும் கிடையாது. வாரநாள், மத்தியானம். போவது திங்கள், திரும்புவது செவ்வாய். புதன்கிழமை சதாப்தி ஓடாது என்பதையும் பார்த்துக்கொண்டேன்.

மிஞ்சியவை மூன்று. இங்கேதான் எங்கள் பிரெஞ்சு குறுக்கே வந்தது. இந்திராநகரில் இருக்கும் கடைக்குப் பெயர் 'டாய்ட்'. அதே எழுத்துகளைப் பிரெஞ்சில் 'துவா' என்று படிக்க வேண்டும், கூரை என்று அர்த்தம். விட்டல் மல்லையா சாலைக் கடை 'பியேர் க்ளப்'. பிரெஞ்சில் பியேர் என்றால் பீர். பிணப்பெட்டிக்கும் அதே சொல்தான். மூன்றாவது மேக்ரத் சாலையில் இருக்கும் ஆர்பர். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்து ஆன் ஆர்பர் ஊரில் 1995-ல் தொடங்கி, 2012-ல் பெங்களூருக்கு வந்த பெயர் அது.

கோப்பை அவனுக்கு அனுப்பினேன். பியேர் க்ளப்புக்கு எதிரில், 'மோன் வியே, அந்தப் பெட்டிக்குள்ள எப்படியும் போகத்தான் போறோம், இப்ப என்ன அவசரம்' என்று எழுதி அடித்துவிட்டான். கீழே பழைய பிரெஞ்சு ஆபீஸ் வழக்கப்படி 'வ்யூ எ அப்ரூவே', அதாவது 'பார்த்தேன், ஒப்புக்கொண்டேன்', பக்கத்தில் கையெழுத்து.

தாம்பரத்தில் விடியற்கால மின்சார ரயிலைப் பிடித்து, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலில் ஆறு மணிக்குச் சதாப்தி. தொம்லூரில் குளித்துவிட்டுக் கிளம்பினோம். மத்தியானம் டாய்ட் கடையில் ஈ ஆடியது என்று சொல்ல மாட்டேன், ஆனால் பேசினால் காது கேட்டது. பெரிய எஃகுக் கலன்கள் கண்ணுக்கு எதிரிலேயே நிற்கின்றன. முழு கிளாஸ் வேண்டாம், ருசி பார்க்கிற சின்னக் கிளாஸ்களில் கொடுங்கள் என்று கேட்டு, கூடவே இரண்டு காலி கிளாஸும் வாங்கிக்கொண்டோம். அவன் அளந்து ஊற்றினான், நான் தாளில் கணக்கு எழுதினேன். பரிமாறிய பையனுக்கு எங்களைப் பார்த்து என்ன தோன்றியதோ.

முதலில் 'டின்டின்' என்று ஒரு பீர். பெல்ஜியத்துப் படக்கதை நாயகன் டின்டின்தான். நாங்கள் அவனைத் 'தாந்தாந்' என்றுதான் படித்தோம், அவன் நாய்க்குட்டியை 'மிலு' என்று. ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம், பக்கத்தைத் திருப்புவதில் சண்டை வரும். அந்த பீர் பெல்ஜியம் மாதிரியில் கோதுமை கலந்து செய்வது. இந்த வகையில் ஆரஞ்சுத் தோலும் கொத்தமல்லி விதையும் போடுவார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க அம்மா ரசம் வெக்கிற நாளு" என்றான்.

அடுத்தது ஜெர்மன் மாதிரிக் கோதுமை பீர். மூக்கருகே கொண்டுபோனதும் கிராம்பு வாசனை, பின்னாலேயே வாழைப்பழம். கிராம்பு எவ்வளவு போடுவார்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் போட மாட்டான். எல்லாம் ஈஸ்ட் பண்ற வேலை" என்று விளக்கினான். பார்லியை நாம் கேழ்வரகை முளைகட்டுவது போல முளைகட்டிக் காயவைத்து, உடைத்து, வெந்நீரில் ஊறவைத்தால் மாவு சர்க்கரையாகிறது. அதை ஹாப்ஸ் பூவோடு கொதிக்க வைத்து, ஆறவிட்டு, ஈஸ்ட் போடுகிறார்கள். அது சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக்கும்போது இந்த வாசனைகளும் பிறக்கின்றன. நம் வீட்டு இட்லி மாவு புளிக்கும் வாசனை போல. பாஸ்மதி அரிசி சேர்த்தும் ஒன்று இருந்தது. லேசாக, நன்றாக இருந்தது. அதோடு அன்றைய கால் லிட்டர் தீர்ந்தது.

தீர்ந்த பிறகு இரண்டு மணி நேரம் அங்கேயேதான் இருந்தோம். திடீரென்று கேட்டான்: "உங்க அப்பா ஏன்டா எழுதிக் குடுக்கல?"

விவரம் தெரியாதவர்களுக்காக: 1962 ஆகஸ்ட் 16-ஆம் தேதி பாண்டிச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கும் அப்பா முடிவுதான். எங்களுக்குப் பன்னிரண்டு வயது. அவன் அப்பா எழுதிக் கொடுத்தார், என் அப்பா கொடுக்கவில்லை. பெஞ்சு மாறவில்லை, நாடு மாறிவிட்டது. இதைப் பற்றி நாங்கள் ஒரு நாள்கூடப் பேசியதில்லை.

"பாட்டி இருந்தாங்க. அரைக் காணி நெலம் இருந்துது. நம்ம ஊரு எங்கயும் போவப் போறதில்லன்னாரு" என்றேன்.

"எங்க அப்பா பென்ஷனுக்குத்தான் போட்டாரு. ராத்திரி பூரா அழுதாரு. நா தூங்கறன்னு நெனச்சிக்கிட்டாரு" என்றான். கொஞ்ச நேரம் கழித்துக் கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

மறுநாள் ஆர்பர். அங்கே நாங்கள் கேட்டது ஐ.பி.ஏ., இந்தியா பேல் ஏல். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து மாதக் கணக்கில் கப்பலில் இந்தியாவுக்கு வந்த பீர். வழியில் கெடாமல் இருக்க ஹாப்ஸை அதிகமாகப் போட்டார்கள், அதனால் கசப்பு. அந்தக் காலத்தில் பெயரில் மட்டும்தான் இந்தியா. அமெரிக்கா வரை சுற்றி ஊர் வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு வேப்பம்பூ ரசம் போல இருந்தது. அவனுக்கு ரொம்பப் பிடித்தது. என் பங்கில் பாதியை அவனே குடித்தான், டாக்டர் கணக்கில் அது ஏறவில்லை. சாயங்காலம் சதாப்தியில் சென்ட்ரல் வரை தூங்கிக்கொண்டே வந்தோம்.

அதற்குப் பிறகு அவன் வரவில்லை. முதலில் கொரோனா, பிறகு அவன் முழங்கால். 2023-ல் மெட்ரோ வைட்ஃபீல்டு வரை வந்துவிட்டது என்று பேப்பரில் பார்த்ததும் கோப்பை எடுத்தேன். 'நிலுவை' என்பதன் பக்கத்தில் தேதி போட்டு, புகைப்படம் எடுத்து அனுப்பினேன். 'கழிப்பறை எந்த மாடி, விசாரி' என்று பதில் வந்தது. தங்கை மகனை நேரில் போய்ப் பார்த்துவரச் சொல்லியிருக்கிறேன்.