ஒரு தௌ

பொய்யில் பெரிய பொய், சின்னப் பொய் என்று இரண்டு ஜாதி உண்டு என்று வெகு நாள் வரை நம்பிக்கொண்டிருந்தேன். நம்பிக்கையைக் குலைத்தது ஒரு பழைய செவர்லே கார்.

2001ஆம் வருஷம். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் நான் குமாஸ்தா. (ஆம்பூர் அப்போது வேலூர் ஜில்லாவில் இருந்தது. 2019லிருந்து திருப்பத்தூர் ஜில்லா.) என் கணக்கு ரூபாய்க் கணக்கு அல்ல, தோல் கணக்கு. எத்தனை சதுர அடி, கனம் எவ்வளவு என்று எழுத வேண்டும். கனம் பார்க்க ஒரு கேஜ் உண்டு. கடிகாரம் போல முகம், பக்கத்தில் இரண்டு உதடு. உதடுகளுக்கு நடுவே தோலைக் கொடுத்தால் முள் நகர்ந்து கனத்தைச் சொல்லும். ஷேவிங் மெஷின்காரர் கட்டைவிரலால் தடவிப் பார்த்தே சொல்லிவிடுவார். ஆனாலும் என் கேஜ் ஒப்புக்கொண்டால்தான் தோல் நகரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும்.

முதலாளியிடம் 1964ஆம் வருஷத்து இம்பாலா ஒன்று இருந்தது. அவருடைய தகப்பனார் காலத்துக் கார். வெளிநாட்டுத் தூதரகத்தார் விட்டுப்போகும் கார்களை அந்த நாளில் ஸ்டேட் டிரேடிங் கார்ப்பரேஷன் விற்கும். அப்படி வாங்கியது. கிளட்ச் பெடலே கிடையாது. செவர்லே கம்பெனி 1950ல் கொண்டுவந்த பவர்கிளைடு என்ற ஆட்டோமாடிக் கியர் பாக்ஸ். முன்னே போக இரண்டே கியர். பல வருஷங்கள் ஷெட்டில் தூங்கிய அந்தக் காரில்தான் மகளின் நிக்காவுக்கு மாப்பிள்ளையை அழைத்துவர வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை பிறந்துவிட்டது.

வேலூரிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். அறுபதைத் தாண்டியவர். கண்ணில் புரை விழ ஆரம்பித்திருந்தது. "நம்பர் படிக்க ஒரு ஆள் வேணும் தம்பி" என்றார். சாயங்காலங்களில் நான் ஒட்டிக்கொண்டேன்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு டிரம். டிரம்முக்குள் உராய்வுத் தட்டு ஒன்று, இரும்புத் தட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கியிருக்கும். எண்ணெய் அழுத்தம் வந்து இவற்றை நெருக்கினால் இரண்டாவது கியர். அழுத்தம் விலகினால் தட்டுகள் ஒன்றையொன்று தொடாமல் எண்ணெயில் சும்மா சுற்ற வேண்டும். அதற்கு இடைவெளி வேண்டும். அதை அளப்பது 'தௌ' கணக்கில். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பங்கிட்டால் ஒரு பங்கு ஒரு தௌ.

"அடுக்கி சர்க்ளிப் போட்டதும் பில்லர் கேஜ் விட்டுப் பாரு. உராய்வுத் தட்டு ஒண்ணுக்குப் பத்து தௌ. அஞ்சு தட்டுக்கு அம்பது கிட்ட வரணும்" என்றார் மேஸ்திரி.

சென்னை புதுப்பேட்டையில் தேடிப் பிடித்த தட்டுகளை என் தோல் கேஜில் முன்பே அளந்திருந்தேன். பழைய தட்டுக்கும் அதற்கும் ஒரு கோடுதான் வித்தியாசம். தோலில் ஒரு கோடு மன்னிப்புக்கு உரியது. எனவே, பில்லர் கேஜை எடுக்கவேயில்லை. கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதும் ஒரு காரணம்.

"இருக்குதா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இருக்கு மேஸ்திரி."

இதுதான் அந்தச் சின்னப் பொய்.

நிக்காவுக்கு நான்கு நாள் இருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்தோம். முதலாளி வாசலில் நின்று பார்த்தார். நியூட்ரலில் நிற்க வேண்டிய கார், மாடு மேயப் போவது போல, மெள்ள முன்னே நகர ஆரம்பித்தது.

மேஸ்திரி பதறவில்லை. "ரெண்டு பேர் மேலே சந்தேகம்" என்றார். முதல் கியருக்கு டிரம்மைச் சுற்றிப் பிடிக்கும் பட்டை ஒன்று. இரண்டாவது கியரின் தட்டு அடுக்கு மற்றொன்று. எது விடாமல் பிடித்தாலும் கார் முன்னேதான் நகரும். பட்டையின் திருகு வெளியிலேயே இருக்கிறது. அதைத் தளர்த்திப் பார்த்தார். கார் அப்போதும் நகர்ந்தது. பிறகு திருகைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து ரோட்டில் ஓட்டினார். இரண்டாவது கியரில் சுகமாக ஓடியது. முதல் கியரில் மட்டும் யாரோ பின்னாலிருந்து இழுப்பது போல முக்கியது.

"பட்டை இறுக்கமா இருந்தா ரெண்டாவதுலதான் முக்கணும். இது தட்டுதான்" என்று இறங்கினார்.

பெட்டியை மறுபடியும் இறக்க வேண்டும். முதலாளியின் முகம் கறுத்தது. மேஸ்திரி அவரிடம், "என் கைத் தப்பு பாய். நாளை ராத்திரிக்குள்ளே சரி பண்ணிடறேன்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

இரவு பெட்டி இறங்கியது. மேஸ்திரியே பில்லர் கேஜின் இதழ்களை ஒவ்வொன்றாக இடுக்கில் விட்டுப் பார்த்தார். ஒன்று சிக்கென்று பொருந்தியது. அதை என்னிடம் நீட்டி, "படி" என்றார்.

"பத்து."

"அன்னிக்கு?"

"அன்னிக்குப் பாக்கலே மேஸ்திரி."

என் கேஜின் ஒரு கோடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. தௌ கணக்கில் ஏறக்குறைய நாலு. ஐந்தும் ஐந்துமாகப் பத்துத் தட்டுக்கு நாற்பது. இருக்க வேண்டிய ஐம்பதில் நாற்பதை நான் தின்றிருக்கிறேன்.

மேஸ்திரி திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. மெல்லிய இரும்புத் தட்டுகளாகப் பொறுக்கி மாற்றி அடுக்கினார். நான், "நாற்பத்தெட்டு" என்று படித்தேன். அவர் இதழை என் கையிலிருந்து வாங்கி, டிரைவரைக் கூப்பிட்டு, "நீ ஒரு தரம் படிப்பா" என்றார். அந்த இரவு முழுவதும் அப்படித்தான். நான் படித்த ஒவ்வொரு எண்ணையும் டிரைவர் மறுபடி படித்தான்.

மறுநாள் காலையில் முதலாளியிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் மேஸ்திரியைப் பார்த்து, "அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?" என்று கேட்டார்.

"மூடியது என் கை பாய்" என்றார் மேஸ்திரி.

மாப்பிள்ளை இம்பாலாவில் வந்து இறங்கினார். சீரக சம்பா பிரியாணியின் வாசனை தெருக்கோடி வரை வீசியது. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார்த்திக்கொண்டு, தம் இலையிலிருந்து ஒரு துண்டு கறியை என் இலையில் வைத்தார். அதைப் பற்றி அப்புறம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இன்றும் யாராவது, "பார்த்தாச்சா?" என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் எழுந்து போய் ஒரு தரம் பார்த்துவிட்டு வருகிறேன். வீட்டில் இதற்காக என்னைக் கேலி செய்கிறார்கள்.