ரேமோன், ருவா, எண் 2

ரெட்டியார்பாளையம் நண்பர் ஒருவர் ஸ்கேன் அறிக்கையோடு கலங்கி வந்தார். என் மனைவிக்கு வந்த அதே எண். அதனால் இதை எழுதுகிறேன்.

இவளுக்கு மூளை ரத்தக்குழாயில் சிறு புடைப்பு. அது வெடிக்கும் முன்பே, தொடை வழியாகக் குழாய் செலுத்தி, பிளாட்டினச் சுருள் வைத்து அடைத்தார்கள். ஆறு மாதம் கழித்து எடுத்த ஆஞ்சியோகிராமில் ‘ரேமண்ட்-ராய் 2’ என்றிருந்தது. பிரெஞ்சில் படித்த எனக்கு அது ரேமோன், ருவா. இருவரும் மான்ட்ரியால் மருத்துவர்கள்; அவர்கள் குழுவின் கட்டுரை 2001-ல் வந்தது. பெயர் புரிந்தது, எண்தான் தூக்கத்தைக் கெடுத்தது.

1 என்றால் புடைப்பு முழுதும் அடைபட்டது. 2 என்றால் அதன் கழுத்தில் மட்டும் கொஞ்சம் ரத்தம் போகிறது. 3 என்றால் பைக்குள்ளேயே போகிறது. இது பரீட்சை மார்க் இல்லை என்றார் மருத்துவர். சுருள் வைத்த அன்று எடுத்த படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதே மீதி, அதே அளவு. ரத்தம் இடித்து இடித்துச் சுருள் அமுங்கினால் 2 மெல்ல 3 ஆகலாம். அதைப் பிடிக்கத்தான் திரும்பத் திரும்பப் படம். ஒரே படத்துக்கு இரண்டு மருத்துவர்கள் வேறு வேறு எண் போடுவதும் உண்டாம். (ஒரே கோப்புக்கு இரண்டு குறிப்பு எழுதிய ஆள்தானே நாமும்!) ஆகவே அறிக்கைத் தாள் மட்டும் போதாது, பழைய படங்கள் உள்ள குறுந்தகட்டையும் பத்திரமாக வையுங்கள்.

அடுத்தது எம்.ஆர்.ஐ. தலைக்குள் உலோகத்தோடு காந்தத்துக்குள் போகலாமா என்று இவள் பயந்தாள். பிளாட்டினத்தைக் காந்தம் இழுத்துவிடாது, சி.டி. ஸ்கேனில்தான் அந்த உலோகம் படத்தைக் கெடுக்கும்.

தை மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாள். ஊறுகாயை மட்டும் விடமாட்டேன் என்கிறாள்.