எண்பத்தேழில் ஒரு பங்கு போடி

மதுரையிலிருந்து போடிநாயக்கனூருக்கு ரயில் பாதை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்காகக் குறுக்கினாலும் அதை விரித்துவைக்க ஒரு கிலோமீட்டர் நீளக் கூடம் வேண்டும். மதுரையில் நான் பார்க்கப் போன வீட்டு மாடியறையில் கிடைத்திருப்பது ‘ட’ வடிவில் பதினாறு அடி. அதற்குள் போடி நிலையமும், வண்டி ஊருக்குள் நுழையும் வழியில் கொஞ்ச தூரமும் அடங்கியிருக்கின்றன. நிஜத்தில் கணக்குப் போட்டால் நானூற்றுச் சொச்சம் மீட்டர்.

இந்தக் குட்டி நிலையத்தைச் செய்பவர் போடிக்காரர். மதுரையில் பல வருடம் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்தவர். சர்க்கரையில் தொடங்கி, இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த பிறகு கடையை மூடிவிட்டார். திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ்; ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம் மெஷினில் படுக்க வேண்டும். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டார். “ஊர் பேரைப் போடுங்க தம்பி, அது போதும்” என்றார்.

அந்த ஊரின் ரயில் கதை வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாது. மீட்டர் கேஜ் பாதை 1928-இல் வந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தண்டவாளத்தைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். 1950-களில்தான் திரும்பப் போட்டார்கள். நாடு முழுக்க ஒரே அகலத்தில் பாதை என்ற திட்டம் 1992-இல் அறிவிக்கப்பட்டு, அதன் முறை போடிக்கு வந்தபோது, 2010 முடிவோடு வண்டி நின்றது. அகலப் பாதையில் தேனிக்கு 2022 மே மாதமும், போடிக்கு 2023 ஜூன் மாதமும் ரயில் வந்தது. இடைப்பட்ட பன்னிரண்டு வருடத்தில் ரயிலையே பார்க்காமல் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போய்விட்டார்கள். ஏலக்காய்க்கும் இலவம்பஞ்சுக்கும் பேர்போன ஊர். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலை சுவராக மறித்து நிற்கும் இடத்தில் பாதை முடிகிறது. அதற்கு மேல் போடிமெட்டுக்கு ரோடுதான்.

மாடியறையில் இருப்பது அந்தக் கடைசி மீட்டர் கேஜ் வருடத்து நிலையம். சிறு வயதில் பார்த்ததைச் செய்யலாமே என்று கேட்டேன். “அதைச் சரிபார்க்க ஆளும் இல்ல, படமும் இல்ல. எனக்கு மட்டும் ஞாபகம் இருந்தா அது கதையாப் போயிரும்” என்றார். கைபேசியில் எடுத்த படங்கள், ரயில் ஆர்வலர்கள் எடுத்துவைத்த படங்கள், அங்கே வேலை பார்த்தவர்களின் வாய்மொழி என்று மூன்று பக்கமும் விசாரிக்க முடிகிற வருடமாகத் தேடித்தான் 2010-ஐ எடுத்திருக்கிறார். அவர் மேல் எனக்கு மதிப்பு வந்த முதல் இடம் இதுதான்.

பலகைகளின் அளவை முடிவு செய்தது அவருடைய இடது கை. டயாலிசிஸுக்காக அந்தக் கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருக்கிறார்கள், ஃபிஸ்டுலா என்பார்கள். முழங்கைக்குக் கீழே முறுக்கிய கயிறு மாதிரிப் புடைத்திருக்கிறது. விரல் வைத்தால் உள்ளே ரத்தம் பாயும் அதிர்வு தெரியும். அந்தக் கையால் கனம் தூக்கக் கூடாது, அதன் மேல் அழுத்தமும் படக் கூடாது. அதனால் ஒவ்வொரு பலகையும் இரண்டடி நீளம், ஒன்றரை அடி அகலம், அவ்வளவுதான். வலது கை ஒன்றாலேயே நகர்த்தலாம். நின்றுகொண்டு எட்டிச் செய்யத் தெம்பு இல்லாததால், நாற்காலியில் உட்கார்ந்தால் நெஞ்சுக்கு நேராக வரும் உயரத்தில் மேசை. அப்படி எட்டுப் பலகை, அடியில் போல்ட்டும் விங் நட்டும் போட்டுச் சேர்த்தவை. எனாமல் பெயின்ட்டும் தின்னரும் குமட்டலைக் கிளப்பும் என்பதால் எல்லாம் தண்ணீரில் கரைக்கும் அக்ரிலிக்.

வேலைகளையும் உடம்பைப் பார்த்தே பங்கு பிரித்திருக்கிறார். மெஷினிலிருந்து எழுந்து வரும் நாளில் ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அன்றைக்கு ஒன்றும் கிடையாது. மறுநாள் காலைதான் கை நிதானமாக இருக்கும். பிரஷ் வேலை, கம்பி வேலை எல்லாம் அப்போது. வெள்ளிக்குப் பிறகு திங்கள் வரை இரண்டு நாள் இடைவெளி விழுவதால், ஞாயிற்றுக்கிழமைக்குள் உடம்பில் நீர் கூடி மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். அன்றைக்கு மண் சலிப்பதோடு சரி. காபி, ரசம் உட்பட ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று அளவு வைத்திருக்கிறார்கள். வெயில் காலத்தில் மதுரையில் அந்த அளவோடு இருப்பது எப்படிப்பட்டது என்று நானாக ஊகித்துக்கொண்டேன், அவர் சொல்லவில்லை.

விலைக்கு வாங்கியது தண்டவாளம் மட்டும். மீட்டர் கேஜ் என்பது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே 1000 மில்லிமீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் பதினொன்றரை. ஐரோப்பாவின் மலை ரயில்களுக்காகச் செய்யப்படும் 12 மில்லிமீட்டர்ப் பாதை கிடைத்தது. அரை மில்லிமீட்டரை விட்டுக்கொடுத்திருக்கிறார். ஒய்.டி.எம்-4 டீசல் இன்ஜினும் நீலப் பெட்டிகளும் பிளாஸ்டிக் ஷீட்டை அறுத்து ஒட்டியவை.

இன்ஜினுக்குள் இருக்கிற மோட்டார் அவருடைய பழைய தொழில். பழைய சி.டி. பிளேயரிலிருந்து எடுத்த சின்ன மோட்டாரின் ஆர்மெச்சரைப் பிரித்து, 44-ஆம் கேஜ் கம்பியில் சுற்று எண்ணிக்கையைக் கூட்டி மறுபடி சுற்றியிருக்கிறார். அந்தக் கம்பியின் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது, ஏறத்தாழ ஒரு தலைமுடி. சுற்று கூடினால் அதே வோல்ட்டில் மோட்டார் மெதுவாக ஓடும். எதற்கு இந்தப் பாடு என்றால், போடி வண்டி நிலையத்துக்குள் நுழையும்போது சைக்கிளில் வருகிறவன் கூடவே வரலாம். மணிக்கு 15 கிலோமீட்டர் என்று வைத்தால், இந்த அளவில் நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவு. மேசையில் ஸ்கேலை ஒட்டி, ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்த்துச் சரிசெய்திருக்கிறார். எனக்கு ஓட்டிக் காட்டினார். வண்டி ஊர்ந்து வந்து நின்றது. இன்ஜின் கழன்றது, முன்னே போய், பாயிண்ட் மாறி, பக்கத்துப் பாதையில் பின்னால் வந்து, மறுமுனையில் மாட்டிக்கொண்டது. பாதை முடிகிற ஊர் என்பதால் ஒவ்வொரு வண்டிக்கும் இந்த வேலை உண்டு. பொம்மை ரயில் வட்டத்தில் ஓடுவதைப் பார்த்தே பழகிய எனக்கு, இந்த ஷன்ட்டிங்கை அவசரமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தது பெரிய நிறைவாக இருந்தது.

மரங்கள் எரிந்துபோன மோட்டார்களின் தாமிரக் கம்பியில் செய்தவை. முப்பது நாற்பது இழையைச் சேர்த்து முறுக்கி, மேலே போகப் போக இழைகளைப் பிரித்துவிட்டால் கிளை. அதன் மேல் ஃபெவிக்காலும் மரத்தூளும் கலந்து பூசினால் பட்டை. பஞ்சு மெத்தைத் துண்டைச் சாயத்தில் நனைத்து, காயவைத்து, அதற்கென்றே ஒதுக்கிய மிக்ஸி ஜாரில் அடித்தால் இலை. புளிய மரத்துக்கு இது சரி. இலவ மரம் அப்படி இல்லை: தண்டு நேராகப் போகும், கிளைகள் அடுக்கடுக்காகக் கிடைமட்டத்தில் நீளும், இலை உதிர்ந்த காலத்தில் காய் மட்டும் தொங்கும். அந்த அடுக்கு வருவதற்காக ஒரு மரத்தைப் பல தடவை பிரித்துச் சுற்றியிருக்கிறார். நான் குனிந்து பார்த்தபோது, வெடித்த காய் ஒன்றில் நிஜ இலவம்பஞ்சு ஒரு துளி ஒட்டியிருந்தது. ஊரிலிருந்து வந்த தலையணையில் எடுத்தது.

ஓடுகளை வெட்டுகிறவர் அவருடைய மனைவி. சீமை ஓடு ஒன்று இந்த அளவில் ஐந்து மில்லிமீட்டர் நீளம்கூட இல்லை. பல்பு சுற்றி வரும் நெளிவு அட்டையைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி ஒட்டுகிறார். ஒரே செந்நிறம் அடித்தால் பொய்யாகத் தெரியும் என்பதால், மாற்றிப் போட்ட ஓடு அங்கங்கே புதுசாகவும், மழைத்தண்ணீர் வடியும் ஓரம் கறுத்தும் இருக்கிறது. நேரம் போவதற்கு நல்ல வேலை என்று சொந்தக்காரர்கள் சொல்வார்களாம். “நேரம் போகணும்னா டி.வி. இருக்குல்ல தம்பி? இவரு ஒரு ஜன்னலுக்கு நாலு பேருக்குப் போன் போடுறாரு” என்றார் அக்கா. நோயாளிக்கு மனசைத் திருப்ப ஏதோ ஒரு பொழுதுபோக்கு என்று இதைப் பார்க்கிறவர்களோடு எனக்கும் ஒப்புதல் இல்லை. ஓர் ஊரின் ஒரு வருடத்தை, ஆதாரம் கேட்டு, அளந்து எழுதிவைக்கும் வேலை இது. செய்கிறவர் படுக்கையிலிருந்து எழுந்து வந்து செய்கிறார் என்பதால் வேலையின் தரத்தைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை.

தவறு கண்டுபிடிக்க ஓர் ஆள் இருக்கிறார். ரயில்வேயில் கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர், எப்போதாவது மதுரை வரும்போது ஏறிப் பார்ப்பார். கிரஷர் தூளைச் சலித்து, நீர்த்த ஃபெவிக்காலில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பு சேர்த்து, ஊசியால் சொட்டுச் சொட்டாக விட்டு, யார்டு முழுக்க ஜல்லி ஒட்டியிருந்தது. சோப்பு சேர்க்காவிட்டால் பசை உருண்டு நின்றுவிடும், தூளுக்குள் இறங்காது. பெரியவர் பார்த்துவிட்டு, “யார்டுல இம்புட்டு ஜல்லி எங்கப்பா கண்ட? சாம்பலும் மண்ணும்தான். புல்லு முளைச்சுக் கெடக்கும். இன்ஜின் நிக்கிற எடத்துல எண்ணெய் வடிஞ்சு கறுப்பா இருக்கும்” என்றாராம். மெயின் பாதையில் மட்டும் ஜல்லியை விட்டுவிட்டு, மற்றதை ஈரம் காட்டிச் சுரண்டி எடுத்து, கரித்தூளும் போடியிலிருந்து கொண்டுவந்த மண்ணும் போட்டிருக்கிறார். மண்ணை முதலில் சல்லடையில், பிறகு மல் துணியில் சலித்தது. ஞாயிற்றுக்கிழமைகளின் வேலை.

மலையில் மட்டும் அளவுக்குக் கட்டுப்படவில்லை. ஆயிரம் மீட்டர் உயரத்தை அப்படியே சுருக்கினால் பதினொன்றரை மீட்டர் வரும். வீடே அவ்வளவு உயரம் இல்லை. அடிவாரத்தைத் தெர்மாகோலில் செதுக்கி, அதற்குப் பின்னால் மலையை கேன்வாஸில் வரைந்திருக்கிறார். தொலைவு கூடக் கூடப் பச்சை வெளிறி நீலமாகிறது. ஊருக்கு மேற்கே மலை என்பதால் காலை வெயில்தான் அதன் முகத்தில் விழும். ஆகவே அந்த அறையில் எப்போதும் காலை. விளக்குகள் எல்லாம் கிழக்குப் பக்கம்.

வெளிநாடுகளில் இந்தக் கலைக்குப் பெரிய மரபு உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து 1925-இல் இங்கிலாந்து வந்த ராய் இங்லண்ட் என்பவர், ஆக்ஸ்ஃபோர்டுஷயர் பக்கத்துக் கிராமங்கள் முகம் மாறிப்போவதைக் கண்டு, வீடுவீடாக அளந்து எழுபத்தாறில் ஒரு பங்காக அட்டையில் செய்யத் தொடங்கினார். 1954-இல் அவர் ஆரம்பித்த பெண்டன் அருங்காட்சியகத்தில் இன்றும் தன்னார்வலர்கள் அந்த வேலையைத் தொடர்கிறார்கள். கலிஃபோர்னியாவில் ஜான் ஆலன் என்பவர் தன் வீட்டில் பல வருடம் உழைத்து உருவாக்கிய மலை ரயில் உலகப் புகழ் பெற்றது. இதய நோயாளியான அவர் 1973-இல் இறந்தார். சில நாட்களிலேயே தீ விபத்தில் அது அழிந்தது. இந்த இரண்டு கதையும் நம் போடிக்காரருக்குத் தெரியும். அதனால்தான் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நோட்டு. அதில் அளவு, படம், யார் சொன்னது, எந்த நிறத்தில் எவ்வளவு என்ற விவரம். எட்டுப் பலகையும் ஒரு குட்டியானையில் ஏறிவிடும். போடியில் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி ஒரு பொது இடத்தில் வைக்க வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வேலையில் ஒன்று பாக்கி நிற்கிறது. கூட்ஸ் ஷெட்டின் முன்பக்கம் முழுசாக முடிந்திருக்கிறது, பின்பக்கம் வெறும் வெள்ளை அட்டை. படம் எடுத்தவர்கள் எல்லாரும் வண்டியையும் முன்பக்கத்தையும்தான் எடுத்திருக்கிறார்கள். பின்னால் இரண்டு கதவு என்கிறார் கேங்மேன் பெரியவர். அங்கே மூட்டை தூக்கிய ஒருவர், ஒரு கதவும் ஒரு ஜன்னலும் என்கிறார். பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அந்தப் பக்கம் தெரியவே தெரியாது, சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. மலையைக் குறைத்துக்கொண்டவர், இந்தக் கதவை மட்டும் தானாக வைக்க மாட்டேன் என்கிறார். அவர் செய்வது சரி.

இதைப் படிக்கும் போடிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2010-க்கு முன் உங்கள் வீட்டில் யாராவது கூட்ஸ் ஷெட்டின் பின்பக்கம் நின்று படம் எடுத்திருக்கலாம். கல்யாணத்துக்கு வந்தவர்களை வழியனுப்பிய படமாக இருக்கலாம், லாரியில் மூட்டை ஏற்றிய படமாக இருக்கலாம். ஆட்களுக்குப் பின்னால் சுவர் தெரிந்தால் போதும். இதழின் முகவரிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், அவரிடம் சேர்த்துவிடுகிறேன். மற்ற ஊர்க்காரர்கள், உங்கள் பழைய நிலையத்தை இடித்துக் கட்டும் முன் நான்கு பக்கமும் சுற்றிவந்து படம் எடுத்துவையுங்கள். சுவரோரம் ஒரு ஆளையோ ஓரடி ஸ்கேலையோ நிறுத்தி எடுங்கள்; அதைக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் அளந்துவிடலாம். எடுத்த தேதியையும் எழுதிவையுங்கள்.