சாரல் காற்றில் ஒரு ஸ்காட்லாந்து உடை

ஆனி மாதம் பிறந்துவிட்டால் தென்காசி மக்களின் கண்கள் தாமாகவே மேற்கு நோக்கித் திரும்பிவிடும். செங்கோட்டைக் கணவாய் வழியே குளிர்காற்று புறப்பட்டு வருகிறதா, மலைமுகட்டில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். காற்றோடு பூத்தூவலாக வந்து விழும் அம்மெல்லிய மழைக்குத்தான் சாரல் என்று பெயர். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் நீர்த்துளி படும். அதற்குப் போய்க் குடை விரிப்பவன் வெளியூர்க்காரன் என்று உள்ளூரார் கண்டுகொள்வார்கள்!

சென்ற சாரல் காலத்தில் அங்கே நான் சென்றது அருவியைக் காண மட்டுமன்று. என் தமக்கையின் மகன் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பணிபுரிகிறான். விடுமுறையில் வந்திருந்தவன், "மாமா, கைலி எடுக்க வேண்டும். நீங்கள்தாம் வந்து பார்த்துக் கொடுக்க வேண்டும்" என்று அழைத்தான். வெள்ளிக்கிழமை, மத்ரஸா விடுமுறை. தென்காசியில் ஜும்ஆ தொழுதுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போனோம்.

கைலி எடுப்பது எளிய காரியம் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அனுபவசாலியோடு கடைக்குப் போய்ப் பாருங்கள். முதலில் மூட்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். ஒருபக்கத்துக் கட்டம் மறுபக்கத்துக் கட்டத்தோடு கோடு பிசகாமல் பொருந்தியிருந்தால் தைத்தவன் தொழில் தெரிந்தவன். அடுத்தது உயரம். கைலியின் கீழ் ஓரம் மடித்துத் தைத்ததன்று. நெசவின் கரையே அங்கு ஓரமாக நிற்கிறது. ஆகவே தறியில் விழுந்த அகலம் எவ்வளவோ அவ்வளவுதான் உடுத்துபவனுக்கு உயரம். நெடியவன் அகலம் குறைந்த கைலியை வாங்கிவிட்டு எந்தத் தையற்காரரிடம் போனாலும் பயனில்லை. மூன்றாவது, எந்த இடத்துக்கு எது என்பது. கட்டம் போட்டது வீட்டுக்கும் கடைக்கும். வெள்ளைக் கைலி ஜும்ஆவுக்கும் நிக்காஹ்வுக்கும். இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஆயினும் கட்டக் கைலியோடு நிக்காஹ் மஜ்லிஸில் போய் முன்வரிசையில் அமர்ந்து பாருங்கள், தெரியும்!

இதைச் சொன்னதும் மருமகன் சிரித்தான். "அங்கே இதற்கு நேர்மாறு, மாமா. கட்டம் போட்டதுதான் கல்யாண உடை" என்றவன், தன் சிக்கலை அவிழ்த்தான். உடன் பணிபுரியும் ஸ்காட்லாந்து நண்பனுக்குத் திருமணம். ஆண்கள் அந்நாட்டு மலைநாட்டுச் சடங்கு உடையில் வந்தால் மகிழ்ச்சி என்று அழைப்பிதழில் அச்சிட்டிருக்கிறார்கள். அந்த உடையின் உயிர்நாடி கில்ட் எனப்படும் கட்டம் போட்ட பாவாடை. எந்தக் கட்டத்தை உடுத்துவது? அவனுக்கு அங்கே குலமும் இல்லை, கோத்திரமும் இல்லை.

கடைக்காரரிடம் சற்று நேரத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு, 5 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குற்றாலத்துக்குப் பேருந்து ஏறினோம். பேரருவியில் நல்ல தண்ணீர். உச்சியிலிருந்து வரும் சிற்றாறு பொங்குமாங்கடல் என்னும் பாறைக் குழியில் முதலில் விழுந்து, வேகம் தணிந்து, பிறகே குளிப்போர் தலைமேல் கொட்டுகிறது. அந்த இடைத்தடை மட்டும் இல்லாவிட்டால் அதன்கீழ் மனிதன் நிற்க இயலுமா? அல்லாஹ்வின் ஏற்பாட்டை எண்ணிச் சற்று நேரம் வாயடைத்து நின்றோம். குளித்து முடித்து, மங்குஸ்தான் பழம் விற்கும் கடைகளுக்கு அப்பால் ஒரு திண்ணையில் அமர்ந்து பேச்சைத் தொடர்ந்தோம்.

நான் கல்லூரியில் வரலாறு படித்தவன். அந்தப் பழக்கம் விடுமா? கட்டத்தின் கதையைக் கேட்டும் படித்தும் அறிந்துகொண்டேன். டார்ட்டன் என்னும் அத்துணியில் பாவில் எந்த வரிசையில் எத்தனை நிற நூல்கள் ஓடுகின்றனவோ, பெரும்பாலும் அதே வரிசையில்தான் ஊடையிலும் ஓடும். பச்சை பச்சையைச் சந்திக்கும் இடத்தில் தனிப்பச்சை. பச்சை சிவப்பைச் சந்திக்கும் இடத்தில் கலப்பு நிறம். நம் கைலியின் கட்டமும் இவ்வாறு பிறப்பதுதான். ஆனால் நம்முடையது பருத்தியில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கோக்கும் நெசவு. அவர்களுடையது கம்பளி நூலில் இரண்டிரண்டாகக் கோக்கும் நெசவு. அதனால் துணிமேல் சாய்வான வரி ஓடும். நல்ல கில்ட்டுக்கு ஏறத்தாழ 8 கெஜம் துணி செல்லும். பின்புறம் முழுதும் கொசுவம். கொசுவிய பிறகும் கட்டம் குலையாமல் தெரியும்படி மடிப்பதில்தான் தையற்காரரின் திறமை இருக்கிறதாம். மூட்டிய இடத்தைப் பார் என்று நாம் சொல்வதும் இதுதானே!

ஒவ்வொரு குலத்துக்கும் ஆதிகாலம் முதல் ஒரு கட்டம் உண்டு என்று பலரும் நம்புகிறார்கள். வரலாறு வேறு சொல்கிறது. 1746இல் கலோடன் போரில் மலைநாட்டார் தோற்றபின், அவர்களுடைய உடையையே பிரிட்டிஷ் அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. படையில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு! அச்சட்டம் நீங்கியது 1782இல். பிறகு 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் செய்த ஏற்பாட்டில் ஊரே கட்டத் துணி பூண்டது. எந்தக் குலத்துக்கு எந்தக் கட்டம் என்பது பெரும்பாலும் அக்காலத்தை ஒட்டியே வகுக்கப்பட்டது. தாம் அரச வழியினர் என்று சொல்லிக்கொண்ட இரு சகோதரர்கள் 1842இல் பழஞ்சுவடி ஒன்றின் பதிப்பென்று ஒரு நூலை வெளியிட்டார்கள். அது போலி என்று பின்னர் அறியப்பட்டது. ஆயினும் அதிலுள்ள கட்டங்களுள் பல இன்றும் குல அடையாளமாக உடுத்தப்படுகின்றன! குலப்பெருமை எங்கும் ஒரே மாதிரிதான் போலும்.

ஆகவே, இன்னாருடைய கட்டத்தை இன்னார் உடுத்தக் கூடாது என்று அங்கே சட்டமில்லை. பால்மோரல் என்னும் கட்டம் போன்ற சிலவே அரச குடும்பத்துக்கென வழக்கத்தால் ஒதுக்கப்பட்டவை. குலமற்றவர்கள் பிளாக் வாட்ச் என்னும் கரும்பச்சைக் கட்டத்தையோ, ராயல் ஸ்டூவர்ட் என்னும் சிவப்புக் கட்டத்தையோ எடுப்பது வழக்கம். 2009இல் அரசே ஒரு கட்டப் பதிவேட்டைத் தொடங்கியது. 2010களில் ஸ்காட்லாந்து முஸ்லிம்களுக்கெனவும் ஒரு கட்டம் உருவாயிற்று என்று அறிந்தபோது வியந்தேன். அந்நாட்டுக் கொடியின் நீலம், இஸ்லாத்தின் பச்சை, ஐந்து கடமைகளுக்கு ஐந்து வெள்ளைக் கோடுகள், ஈமானின் ஆறு அம்சங்களுக்கு ஆறு பொன்னிறக் கோடுகள், கஅபாவை நினைவூட்டும் கறுப்புச் சதுரம்.

"அதையே உடுத்திக்கொள்" என்றேன். அவன் தயங்கினான். "அது நண்பனின் கல்யாணம், மாமா. எல்லாரும் என்னைச் சுற்றி நின்று கோடுகளுக்கு விளக்கம் கேட்பார்கள். என் நிக்காஹ்வுக்கு அதை எடுக்கிறேன்." பிறர் வீட்டு விழாவில் மாப்பிள்ளைதான் தெரிய வேண்டும் என்ற அந்த எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது.

அப்போதுதான் கடையநல்லூர் நினைவுக்கு வந்தது. தென்காசிக்கு வடக்கே உள்ள அவ்வூரில் நெசவை நம்பி வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். தறி சோறு போடாத காலத்தில் அவர்கள் கடல் கடந்தார்கள். சிங்கப்பூரில் 1941இல் சங்கம் கண்டபோது கடையநல்லூர் என்ற ஊர்ப்பெயரையே அதற்குச் சூட்டினார்கள். 1946இல் உமறுப்புலவர் பெயரில் தமிழ்ப்பள்ளியும் அமைத்தார்கள். ஊரே நமக்குக் குலம். ஸ்காட்லாந்திலும் குலக் கட்டங்களோடு ஊர்க் கட்டங்களும் உண்டு, கிளாஸ்கோவுக்கும் உண்டு. "நீ உழைத்து உண்ணும் ஊர் அது. அவ்வூர்க் கட்டத்தை உடுத்தினால் இல்லாத குலத்தைச் சொல்லிக்கொண்டதாகாது" என்றேன். அவன் முகம் மலர்ந்தது.

ஆனால் பெரிய சிக்கல் இனித்தான். கில்ட்டின் ஓரம் முழங்காலின் நடுவே நிற்க வேண்டும் என்பது அவர்கள் முறை. காலுறை முழங்காலுக்குக் கீழேயே நின்றுவிடும். நம் ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அவ்ரத்தைச் சேர்ந்தது. ஷாஃபிஈ மத்ஹபில் முழங்கால் சேராது என்றாலும், நாற்காலியில் அமரும்போது தொடை தெரியாமல் இருக்குமா? இது ஒரு நாட்டின் உடை, சமயச் சின்னமன்று. அதனால் உடுத்துவதில் தடையில்லை; மறைக்க வேண்டியதை மறைத்தால் போதும். இரண்டு விரற்கடை இறக்கமாகத் தைத்துக்கொண்டால் என்ன? பழைய முறையில் தைத்த கில்ட்டுக்கும் கைலியைப் போல நெசவின் கரைதான் கீழ் ஓரம். பிறகு இறக்க வழியே இல்லை. முதலிலேயே அளவு சொல்லித் தைக்க வேண்டும். வாடகைக் கடையில் அது கிடைக்காது. கிடைத்தாலும் அவர்கள் கண்ணுக்கு அழகாயிராது. ஒருநாள் விழாவுக்காகப் புதிதாகத் தைப்பது வீண்செலவு.

வழி அவர்கள் மரபிலேயே இருந்தது. ட்ரூஸ் என்று அதே கட்டத் துணியில் தைத்த முழுக்கால்சட்டை. அதுவும் மலைநாட்டுச் சடங்கு உடைதான். மாலை விருந்துக்குரிய குட்டையான கறுப்பு மேலங்கியோடு அணிந்தால் முறை தவறாது. இடுப்பில் தொங்கும் தோற்பையும் அதற்குத் தேவையில்லை. பையன் கைப்பேசியில் அங்குள்ள கடைக்கு அப்போதே எழுதிக் கேட்டான்.

அஸருக்குத் தென்காசி திரும்பித் தொழுதுவிட்டு மீண்டும் துணிக்கடைக்குப் போனோம். அவனுக்கு வெள்ளையில் இரண்டு, கட்டத்தில் மூன்று எடுத்தாயிற்று. ஸ்காட்லாந்து மாப்பிள்ளைக்கும் ஒன்று அன்பளிப்பாக எடுக்க வேண்டும் என்றான். கல்யாணம் என்றால் வெள்ளைதான் என்று கடைக்காரர் பிடிவாதம் செய்தார். "அங்கே கட்டம்தான் மரியாதை, பாய்" என்று விளக்கியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. கடைசியில் பச்சையும் நீலமுமான ஒரு கட்டக் கைலியை எடுத்து விரித்து, மூட்டிய இடத்தை என்னிடம் காட்டிவிட்டுக் கேட்டார்:

"அது இருக்கட்டும் ஹஸ்ரத், மாப்பிள்ளை என்ன உயரம்?"