நாளுக்கு ஓர் அதிகாரம்

ஆகஸ்ட் 17, ஞாயிறு
ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். சபை ஐயர் வந்து பிடித்துக்கொண்டார். 31ஆம் தேதி பிரசங்கம் நான்தானாம். தலைப்பு ஞானம். “சார்வாளை விட்டா யாரு இருக்கா” என்றார். வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன். வீடு வருமுன்னே மூன்று பிரிவாகப் பிரித்துவிட்டேன்.
ராத்திரி நீதிமொழிகள் 17. வாயை மூடிக்கொண்டிருந்தால் மூடன்கூட ஞானியாகத் தெரிவான் என்று முடிகிறது. சிரிப்பு வந்தது.

ஆகஸ்ட் 18, திங்கள்
18ஆம் அதிகாரம். மனம் முறிந்த சகோதரனைப் பற்றி ஒரு வசனம். வேகமாகத் தாண்டினேன். தம்பி சர்வேக்கு மனு கொடுத்துவிட்டானாம். டீக்கடையில் கேள்விப்பட்டேன். கொடுக்கட்டும். என்னிடம் பட்டா இருக்கிறது.
முழங்கால் வலி.

ஆகஸ்ட் 20, புதன்
நாலு பக்கம் எழுதியாயிற்று. கிபியோனில் சாலொமோன் கேட்டதிலிருந்து தொடக்கம். எபிரெயத்தில் அது ‘கேட்கிற இருதயம்’ என்று விளக்கவுரையில் இருக்கிறது. அருமையான இடம். சபை உச்சுக்கொட்டும்.
காது மிஷின் விசிலடிக்கிறது. கழற்றி வைத்துவிட்டு எழுதினேன். மனைவி மூன்று தரம் கூப்பிட்டாளாம். சோறு ஆறிப்போய்விட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி
அதிகாரம் 22. எல்லைக்குறியை மாற்றாதே என்கிற வசனம். எத்தனையோ தரம் படித்ததுதான். இன்றைக்குக் கண் அங்கேயே நின்றது.
தூக்கம் இல்லை. விளையில் பனம்பழம் விழுகிற சத்தம். அது மட்டும் நன்றாகக் கேட்கிறது.

ஆகஸ்ட் 23, சனி
அதிகாரம் 23. மறுபடியும் எல்லைக்குறி. அடுத்தடுத்த நாளா? சாலொமோனுக்கு வேறு பேச்சே இல்லையா?
1998. வேலி போடும்போது எல்லைக்கல் ஆடியது. “வசதிபோல நடுப்பா” என்று சொன்னவன் நான்தான். ஒன்றரை அடி. தம்பி கேட்பதற்குள் அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னவனும் நான்தான். முதலில் பேசுகிறவன் சொல்வது நியாயமாகத்தான் தெரியும். அதுவும் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. திங்கட்கிழமை அதையும் சேர்த்துத்தான் தாண்டியிருக்கிறேன்.
இதை எழுதியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு
நற்கருணை. தம்பி முன்வரிசையில். அவன் எழுந்து போனான். நான் போகவில்லை. முழங்காலைக் காரணம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 26, செவ்வாய்
26ஆம் அதிகாரம். மூடனுக்குப் பதில் சொல்லாதே என்று ஒரு வசனம். சொல் என்று அடுத்த வசனம். பரீட்சைத்தாளில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.
எரிச்சல். ஒன்றரை அடி. முள்தான் முளைக்கிறது அங்கே. இதற்கா இத்தனை வருஷம்? இடத்தை விட்டுக்கொடுத்துவிடலாம். கல் சமாசாரம் சொல்ல வேண்டியதில்லை. பெரிய மனசு என்று ஊரும் சொல்லும்.
இதுதான் ஞானம். சமாதானம் பண்ணுகிற ஞானம். நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 27, புதன்
கல்யாண வீட்டில் காலை 5 மணிக்கே ஸ்பீக்கர். விடியற்காலையில் உரக்கச் சொல்லும் வாழ்த்து சாபமாக எண்ணப்படும் என்று சரியாக இன்றைக்குத்தான் வருகிறது, அதிகாரம் 27. அவளுக்கு வாசித்துக் காட்டினேன். இருவரும் சிரித்தோம்.
நேற்றைய நிம்மதி இல்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்
யாக்கோபு 3. பரத்திலிருந்து வரும் ஞானத்துக்கு ஒரு பட்டியல். சுத்தம் முதலில். அதற்குப் பிறகுதான் சமாதானம். பிறகு சாந்தம், இணக்கம், இரக்கம். நாற்பது வருஷமாக மனப்பாடம். வரிசையைப் பார்த்ததே இல்லை.
நான் இரண்டாவதிலிருந்து தொடங்கப் பார்த்தேன்.
சுகர் கூடியிருக்கிறது. கை நடுக்கம். சுகர்தான்.

ஆகஸ்ட் 29, வெள்ளி
போனேன். தம்பி ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தான். உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே சொன்னேன். வேலி, கல், அப்பா. மிஷினைப் போட்டுக்கொண்டுதான் போயிருந்தேன்.
முடிச்சைப் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தான்.
“அப்பா இருக்கும்போதே சொல்லியிருக்கலாம்லா.”
அவ்வளவுதான். உள்ளே போய்விட்டான்.
அப்பா சாகும்வரை அவனைப் பொய்யன் என்றுதான் நினைத்தார். ஒன்றரை அடியைத் திருப்பிக் கொடுக்கலாம். இதை எங்கே போய்க் கொடுக்க?
லேசாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. குமட்டல்.

ஆகஸ்ட் 30, சனி
அதிகாரம் 30. ஆகூர். தனக்குப் புத்தியில்லை, தான் ஞானம் கற்கவில்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்கிறவன். அப்படிப்பட்டவன் பேச்சும் வேதத்தில் இருக்கிறது.
பிரசங்கத்தாள்களைக் கிழித்தேன். பதினொரு பக்கம். கிபியோன் பக்கத்தை மட்டும் எடுத்து வைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அதையும்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு
ஏழு நிமிஷம்தான் பேசினேன். யாக்கோபின் வரிசையைச் சொன்னேன். முதல் சொல்லிலேயே நான் இடறினதைச் சொன்னேன். கல்லைச் சொன்னேன். யாரும் உச்சுக்கொட்டவில்லை. மின்விசிறிச் சத்தம். ஐயர் அவசரமாகப் பாட்டு நம்பரைச் சொன்னார்.
தம்பி வரவில்லை. அவன் பெண்டாட்டி வந்திருந்தாள். குனிந்த தலை நிமிரவில்லை.
சாயங்காலம் தம்பி மகன் வாசலில். “பெரியப்பா, கடப்பாரை வேணுமாம்.”
எதற்கு என்று கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அவன் சைக்கிளில் கட்டும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.
நாளைக்கு முதல் அதிகாரம். செப்டம்பரில் 30 நாள்தான். ஒன்று மிஞ்சும்.