குமிழின் பெயரும் குமிழின் வேலையும்



கித்தாரின் தந்தியை விரல் மீட்டிய கணத்தில் ஒலி ஓங்கி எழுகின்றது. சில நொடிகளில் மெலிந்து மறைகின்றது. ஓங்கியதைச் சற்றே அடக்கி, மெலிந்ததைச் சற்றே தூக்கி, இரண்டையும் அருகருகே கொண்டு வருவதே கம்ப்ரஸர் என்னும் பெடலின் பணி. கடையில் வாங்கிய கருவிக்குக் குறிப்புத்தாள் உடன் வரும். வீட்டில் ஈயப்பற்று வைத்துச் செய்ததற்கோ குறிப்புத்தாளையும் நாமே எழுத வேண்டும். இளைஞர் ஒருவருக்காக இத்தகைய பெடல் ஒன்றைச் செய்து முடித்தபோது இதனை நாம் நன்கு உணர்ந்தோம்.

நாம் பின்பற்றியது, 1970களில் அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரிலிருந்து வெளிவந்த எம்.எக்ஸ்.ஆர். டைனா காம்ப் என்னும் பெடலின் மின்சுற்று. அதில் இரண்டே குமிழ்கள்: அவுட்புட், சென்சிட்டிவிட்டி. வீட்டில் செய்வோர் பலர் மூன்றாவது குமிழ் ஒன்றைச் சேர்த்து, அதற்கு 'அட்டாக்' என்று பெயர் எழுதுகின்றனர். அந்தப் பெயர் உண்மைதானா என்பதே நம் கேள்வி.

இச்சுற்றின் நடுவே இருப்பது சி.ஏ. 3080 என்னும் ஐ.சி. அதற்குள் செலுத்தப்படும் சிறு மின்னோட்டம் கூடினால் ஒலிப்பெருக்கம் கூடும், குறைந்தால் குறையும். தந்தி பலமாக ஒலிக்கும்போது, டிரான்சிஸ்டர்கள் 10 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றிலுள்ள மின்னேற்றத்தை விரைந்து வடிக்கின்றன, பெருக்கம் தாழ்கின்றது. ஒலி அடங்கியபின், 150 கிலோ ஓம் மின்தடை வழியே அது மெல்ல மீண்டும் நிரம்புகின்றது. இரண்டையும் பெருக்கினால் ஒன்றரை நொடி. 'அட்டாக்' குமிழை மாட்டுவது இந்த மின்தடையின் இடத்தில்தான். ஆகவே, அது முதன்மையாக ஆள்வது அடக்கும் வேகத்தை அன்று. அடங்கிய ஒலி மீண்டெழும் வேகத்தையே.

கணக்கு சொன்னதைச் செவியும் ஒப்ப வேண்டுமன்றோ? சோதிக்கையில் ஒரு வேளையில் ஒரு குமிழை மட்டுமே திருப்பினோம். முதலில் அவுட்புட்: பெடலை மிதித்தாலும் விட்டாலும் ஒலியளவு ஒன்றாயிருக்குமாறு அதனை நிறுத்தினோம். ஏனெனில், உரத்து ஒலிப்பதையே நல்லதென்று கொள்வது செவியின் இயல்பு.

அடுத்து சென்சிட்டிவிட்டி. ஒரே சுரத்தை ஒருமுறை வன்மையாகவும், ஒருமுறை மென்மையாகவும் மீட்டினோம். குமிழை ஏற்ற ஏற்ற இரண்டிற்கும் இடையிலுள்ள வேற்றுமை சுருங்கிற்று. சுரம் நெடிது நின்றது. கூடவே, வாசிப்பு ஓய்ந்த இடைவெளியில் இரைச்சலும் தலைதூக்கிற்று. மென்மையான ஒலியைத் தூக்கும் கருவி இரைச்சலை மட்டும் விலக்கி வைக்க அறியாது. ஒலியளவு மாறியிருந்தால், மறுபடியும் அவுட்புட்டைச் சமன் செய்து கொள்வது அவசியம்.

இறுதியாக மூன்றாவது குமிழ். தந்திகள் அனைத்தையும் ஓங்கி ஒருமுறை வருடி, உடனே கையால் அடக்கிவிட்டு, ஒற்றைத் தந்தியை மெல்லத் தொட்டோம். மின்தடை முழுமையாக இருந்தபோது அந்த மெல்லொலி அமுங்கிக் கிடந்து, பிறகே மெல்ல மேலெழுந்தது. மின்தடையைக் குறைத்ததும் உடனே தெளிவாகக் கேட்டது. ஆனால், தடித்த தந்திகளின் கீழ்ச்சுரங்களில் ஒரு கரகரப்பு புகுந்தது. மீட்சி மிக விரைந்தால் பெருக்கம் ஒலியலையின் ஒவ்வோர் அசைவையும் தொடர முயல்வதே அதன் காரணம். இரண்டுக்கும் நடுவே, வாசிப்பவர் கைக்கு ஏற்ற இடம் ஒன்று உண்டு.

பெட்டியின் மேல் 'அட்டாக்' என்று எழுதாமல், 'மீட்சி' என்றே எழுதினோம். வீட்டில் கருவி செய்யும் அன்பர்களுக்கு நாம் கூற விழைவது இதுவே: குமிழின் பெயரைச் சோதனைக்குப் பின்னர் எழுதுங்கள். சென்சிட்டிவிட்டியை இறுதிவரை ஏற்றியும் விடாதீர்கள். வன்மையும் மென்மையும் வாசிப்பவரின் பேச்சு. அவற்றை முற்றிலும் சமன் செய்துவிட்டால் சுரங்கள் நிற்கும், சொல்ல வந்தது நிற்காது.