உள்ளங்கைத் துப்பாக்கியும் நானும்

போன வாரம் பேரன் கைபேசியில் ஒரு பழைய வீடியோவைக் காட்டினான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வாங்கிய காட்சி. "தாத்தா, நடுவில இருக்கிற அந்த வட்டம் வெறும் பதினொன்றரை மில்லிமீட்டர்தான்" என்றான். சட்டைப் பொத்தான் அளவு! "உனக்குச் சுடத் தெரியுமா?" என்று அடுத்த கேள்வி. தெரியாது என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஒருவருக்குச் சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். அதை அவனிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

1984. குடியாத்தம் தாலுகா ஆபீசில் எனக்கு எழுத்தர் வேலை. வட ஆற்காடு மாவட்டம் பிரியாத காலம். பேரணாம்பட்டும் எங்கள் தாலுகாவில்தான் இருந்தது. என் செக்‌ஷனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கோப்புகளும் வந்து சேர்ந்தன. பெரும்பாலும் காட்டுப்பன்றி விரட்டும் நாட்டுத் துப்பாக்கிகள், கொஞ்சம் இரட்டைக்குழல். ஒரே ஒரு கோப்பு மட்டும் வித்தியாசம். டேனரி வைத்திருந்த ஒரு பாயுடையது. ஆயுதம்: பிஸ்டல். குறிப்புப் பகுதியில் "டெபாசிட் செய்யப்பட்டுள்ளது" என்று எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்திருந்தார். எந்த ஸ்டேஷனில் டெபாசிட் ஆயிற்று என்று தாசில்தார் கேட்டார். எந்த ஸ்டேஷனிலும் இல்லை. பாயைக் கூப்பிட்டு அனுப்பினோம். வந்தவர் ஜிப்பாப் பையிலிருந்து அதை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது.

அதன் பக்கவாட்டில் பொடி எழுத்தில் செதுக்கியிருந்ததைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஃபாப்ரிக் நாஸியோனால் தார்ம் து கேர், எர்ஸ்தால், பெல்ஜிக்." கீழே "பிரௌனிங்ஸ் பேட்டன்ட் தெபோஸே." புதுச்சேரியில் மாமா வீட்டில் தங்கி பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் நான். (அப்படிப் படித்தவன் தமிழ்நாட்டு அரசாங்கத்தில் எப்படி நுழைந்தான் என்பது தனிப் பதிவு.) 'தெபோஸே' என்றால் பதிவு செய்யப்பட்டது என்று அர்த்தம். முன்னவர் அதை டெபாசிட் என்று படித்துவிட்டார். இத்தனை வருஷமாகக் காகிதத்தில் போலீஸ் ஸ்டேஷனில் இருந்த துப்பாக்கி பாயின் பையில் இருந்திருக்கிறது. என் சர்வீசில் பிரெஞ்சு சோறு போட்டது அந்த ஒரு நாள்தான்.

அந்த நட்பில்தான் பாய் ஒரு மாதம் கழித்து சாயங்காலம் வீட்டுக்கே வந்தார். முகம் சரியாயில்லை.

"சார், டேனரிக்குள்ள வெறிநாய் பூந்திருச்சு. பன்னெண்டு அடி எடுத்து வெச்சா தொட்டிரலாம், அவ்வளவு தூரம். ஆறு குண்டும் போச்சு. ஒண்ணுகூடப் படலை."

நாயைக் கடைசியில் தடியால் அடித்தார்களாம். மறுநாள் காலையில் தோட்டாக்கள் போன இடத்தைத் தேடியிருக்கிறார். இரண்டு ஆவாரம்பட்டை மூட்டையில். இரண்டு மண் சுவரில். ஒன்று கிடைக்கவில்லை. இன்னொன்று வேலைக்காரப் பெண்கள் குடிசையின் கீற்றைத் துளைத்துக்கொண்டு போயிருந்தது. துளைக்குக் கீழே ஒரு சாண் தள்ளித் தூளி. தூளியில் குழந்தை தூங்கியிருக்கிறது. அதன் அம்மாவுக்கு அந்தத் துளை எதனால் வந்ததென்று தெரியாது.

"குறி பார்க்கச் சொல்லிக்கொடுங்க சார். உங்க மாமா பட்டாளத்துல இருந்தார்னு சொன்னீங்களே."

மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இந்தோசீனா வரை போய் வந்த 'சொல்தா'. புதுச்சேரியில் பென்ஷன் வாங்கும் பழைய சிப்பாய்களை அப்படித்தான் சொல்வோம். திருவிழாவில் பலூன் சுடும் கடைக்கு என்னைக் கூட்டிப்போய், கடைக்காரன் திட்டுமளவுக்குப் பாடம் நடத்துவார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தப் பாடம்தான். அதை வைத்துக்கொண்டு பாயின் டேனரி அறையில் நாலைந்து சாயங்காலம் உட்கார்ந்தோம். தோட்டாக்களை முதலில் வேறு அறையில் வைத்துப் பூட்டச் சொன்னேன்.

இந்தக் குட்டித் துப்பாக்கி ஏன் குறி தவறுகிறது? துப்பாக்கிமேல் குறை இல்லை. 1905-இல் இந்த ரகத்தைக் கொண்டுவந்தபோதே இதற்கென்று 6.35 மில்லிமீட்டர் தோட்டா ஒன்றையும் கொண்டுவந்தார்கள். குழல் 5 சென்டிமீட்டரும் கொஞ்சமும்தான். முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையில் 9 சென்டிமீட்டர் என்று தாராளமாகவே வையுங்கள். இரண்டையும் ஒரே கோட்டில் வைப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால், 9 மீட்டர் தள்ளி அது 10 சென்டிமீட்டர் பிசகாகிவிடும். அறுபது சென்டிமீட்டர் இடைவெளி உள்ள ரைஃபிளில் அதே பிசகு ஒன்றரை சென்டிமீட்டரோடு போய்விடும். கணக்குப் போட்டுக் காட்டியதும் வியாபாரி சட்டென்று பிடித்துக்கொண்டார்.

அடுத்தது பிடி. கைப்பிடியில் இரண்டு விரலுக்குத்தான் இடம். சுண்டுவிரல் அந்தரத்தில் தொங்கும். சும்மா தொங்காமல் அது உள்ளங்கையை நோக்கி மடங்கும், கூடவே துப்பாக்கியின் மூக்கும் கீழே இறங்கும். சுண்டுவிரலை மடக்கி, பிடியின் அடியில் அணையாக வைக்கச் சொன்னேன். இடது கையால் வலது கையை மூடிப் பிடிக்க வேண்டும். ஆனால் அந்தக் கை விரல் குழல் வாய்க்கு முன்னால் போகவே கூடாது. இவ்வளவு குட்டையான குழலில் அது நடந்துவிடும்.

விசைதான் பெரிய வில்லங்கம். துப்பாக்கியின் எடை நானூறு கிராம்கூட இல்லை. விசையை இழுக்க அதைவிடப் பல மடங்கு பலம் வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் விசையோடு துப்பாக்கியே திரும்பிவிடும். மாமா 'தூஸ்மான், தூஸ்மான்' என்பார், மெதுவாக, மெதுவாக என்று. சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடு ஒன்றை உள்ளே போட்டு, துப்பாக்கிமேல் ஒரு நாலணாக் காசை வைத்தேன். காசு விழாமல் விசையை அழுத்த வேண்டும். (கூடு இல்லாமல் வெறுமனே அழுத்தினால் பழைய துப்பாக்கியின் ஊசி முனை ஒடிந்துபோகும்.) முதல் நாள் காசு இருபது தடவை உருண்டு ஓடியது. நாலாம் நாள் பத்துக்கு எட்டு நின்றது. பாய் குழந்தை மாதிரிச் சிரித்தார்.

"இப்ப எவ்வளவு தூரத்துல அடிப்பேன் சார்?"

எனக்கு மாமா கடற்கரையில் சொன்ன கதை நினைவுக்கு வந்தது. புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் துப்பாக்கி பழகியவர் வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் காட்டு இலாகாவில் வேலை பார்த்தவர், ஒரு வகையில் நம்மைப் போல அரசாங்க உத்தியோகஸ்தர். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் பெல்ஜியத்து பிரௌனிங்கால்தான். அந்தக் கொலையின் நியாய அநியாயத்துக்குள் நான் போகவில்லை. மாமாவும் போகமாட்டார். அவர் பார்த்தது தூரத்தை மட்டும். "அவ்வளவு பழகினவரும் ரயில் பெட்டிக்கே போய்த்தான் சுட்டார். கைத்துப்பாக்கிக்கு முதல் பாடம் கிட்டே போறதுதான்."

"இந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரைக்கும்" என்று பாயிடம் சொன்னேன். "அதுவும் அவன் அசையாமல் இருந்தால்."

பாய் மேஜையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "அவ்வளவு கிட்ட வந்தா நாய்க்குத் தடி போதுமே சார். மனுசன் வந்தா கல்லாச் சாவியைக் குடுத்துட்டுப் போறேன்."

காசு நின்ற சந்தோஷம் அவர் முகத்தில் அதற்குள் போய்விட்டது. பயிற்சி அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி மனு கொடுத்தார். துப்பாக்கி உண்மையாகவே போலீஸ் ஸ்டேஷனில் டெபாசிட் ஆயிற்று.

இதுவரைக்கும் சொல்வது சுலபம். ஆறு குண்டு சுட்டதையும், தூளிக்கு மேலே ஒரு சாணில் ஒன்று போனதையும் நான் மேலே எழுதியிருக்க வேண்டும். என் செக்‌ஷன், என் பொறுப்பு. எழுதியிருந்தால் போலீஸ் வந்திருக்கும், அந்தப் பெண்ணுக்கும் விஷயம் தெரிந்திருக்கும். பாய் நல்லவர், திருந்திவிட்டார், குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாய் அந்தக் கீற்றை எடுத்துவிட்டு ஓடு போட்டுக் கொடுத்தார். முதலாளிக்கு என்ன மனசு என்று அந்த அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருமுறை என்னிடமே சொன்னாள். ஆமாம் என்றேன்.

வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுக்குப் பேரனைக் கூட்டிப்போனால் பலூன் கடையில் நிற்பான். நான் காசு கொடுத்துவிட்டு, கடையின் பின்னால் துணிக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். ஏன் தாத்தா என்பான்.

லைசென்ஸ் ரத்துக் கோப்பில் காரணம் என்று ஒரு கலம் இருந்தது. அதில் "வயது மூப்பு" என்று நானே எழுதினேன். பாய்க்கு அப்போது 52 வயது.